ஊத் வந்த பிறகு

ஆடி 3, வெள்ளி

மாரியம்மன் கோயிலில் இன்று கூழ் ஊற்றினார்கள். எங்கள் பூவைமனையில் ஆடி வெள்ளிக் கூழுக்கு வராதவர் கிடையாது. அறந்தாங்கியில் மாடி வீடு கட்டிக்கொண்டு போனவர்கள்கூட அன்றைக்குத் தூக்குவாளியோடு வந்துவிடுவார்கள். கூழில் சின்ன வெங்காயம் மிதக்க வேண்டும், மோர் புளித்திருக்க வேண்டும். இந்த வருஷம் மோர் புளிக்கவில்லை. சொல்ல வந்தது அதுவல்ல.

வரிசையில் எனக்கு முன்னால் சௌந்திரவள்ளி மதினி நின்றாள். என் வீட்டுக்காரருடைய அக்கா. கீரமங்கலம் பக்கம் வாழ்க்கைப்பட்டவள், கூழுக்காகப் பிறந்த ஊருக்கு வந்திருந்தாள். நான் போய்ப் பின்னால் நின்றதும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நாலு ஆள் தள்ளிப் போனாள். போனவள் சும்மா போகவில்லை.

"தாலியறுத்தவ மேல செண்டு வாடை அடிச்சா ஊரு என்னன்னு நெனைக்கும்?" என்று பூசாரியைக் கேட்டாள். பூசாரி அகப்பைக்குள் பார்த்துக்கொண்டான்.

"செண்டு இல்ல மதினி, ஊத்" என்றேன்.

ஊத் என்றால் நம் பக்கம் அகில் என்கிறோமே, அந்தக் கட்டையிலிருந்து இறக்குகிற எண்ணெய். நல்லபடியாக வளர்ந்த மரத்தில் அந்த வாசனை இருக்காது. அதை எரித்தால் வெறும் விறகுப் புகைதான். மரத்துக்கு அடிபட்டு, நோய் கண்டு, உள்ளே கறுத்துப்போனால்தான் வாசனை ஊறும். இதைப் பூசாரிக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். பின்னால் நின்றவர்கள் கூழ் ஆறுகிறது என்று சத்தம் போட்டார்கள்.

ஆடி 5, ஞாயிறு

இது கலா வேலை பார்க்கிற துணிக்கடையில் கொடுத்த டைரி. கலா என் மகள். முழுப்பேர் நித்யகலா. அவள் எழுதமாட்டாள் என்று நான் எடுத்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்து வாசலை மாடு பத்திக்கொண்டு போகும்போது பார்த்ததுதான் நான். எழுத்துக் கற்றது குவைத்தில், வீட்டு வேலைக்குப் போன இடத்தில். சொல்லிக்கொடுத்தது அந்த வீட்டு டிரைவர் சேகனா பாய். கலாவுக்கு நானே கடுதாசி எழுத வேண்டும் என்று ஆசைப்பட்டேன், சொல்லிக்கொடுத்தார். அவ்வளவுதான்.

என் பாட்டிலில் கால்வாசிகூட இல்லை. சுண்டுவிரல் உயரம்தான் பாட்டிலே. தினமும் குளித்துவிட்டு ஒரு தொடுதல் இடது மணிக்கட்டில், ஒரு தொடுதல் காதுக்குப் பின்னால். தேய்க்கக் கூடாது. தேய்த்தால் வாசனை நசுங்கும். புடவையில் படக் கூடாது, கறை விழும்.

யார் கொடுத்தது என்று கேட்பவர்களுக்கு மூன்று பதில் வைத்திருக்கிறேன். தெருக்காரர்களுக்கு, ஏர்போர்ட்டுக் கடையில் வாங்கியது. உறவுக்காரர்களுக்கு, நான் வேலை பார்த்த வீட்டுக் கிழவி கொடுத்தது. கலாவுக்கு, பழைய சாமானோடு வந்தது. கிழவி கொடுத்தது உண்மையில் எரிக்கிற ஊத் கட்டை. அது கண்ணாடிப் போத்தலில் பருப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள், பக்கத்தில் உட்கார வெட்கமாக இருக்கிறது என்று கலா இன்று சொன்னாள். கருவாட்டுக் கூடைக்காரி ஏறினால் யாரும் திரும்புவதில்லை, அவளுக்குப் பக்கத்தில் போய் உட்காரடி என்றேன். கலா அவியல் மட்டும் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டாள்.

ஆடி 9, வியாழன்

தொண்டிக்குப் போனேன். அங்கே அத்தர் கடை இருக்கிறது, பாட்டில் தீர்வதற்குள் அதே மாதிரி ஒன்று தேட வேண்டும். அறந்தாங்கியில் ஏறி, மீமிசல் வழியாக. பஸ்ஸில் ஒரு கிழவர் வாத்துகளைச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்தார். ஒரு வாத்து கழுத்தை வெளியே நீட்டிக் கண்டக்டரை வழிநெடுகப் பார்த்துக்கொண்டே வந்தது. அதற்கும் டிக்கெட் உண்டா என்று தகராறு.

தொண்டி நெருங்கும்போது அடக்கஸ்தலம் வரும். பூவரச மரம், அதன் கீழே அடக்கினவர்கள் தலைமாட்டில் நட்ட மீசான் கற்கள். நான் ஜன்னல் ஓரமாக மாறி உட்கார்ந்தேன். காற்றுக்காகத்தான். சேகனா பாய் தொண்டிக்காரர். நெஞ்சுவலி என்று குவைத்திலிருந்து ஊர் வந்தவர், போன தையில் மவுத்தாகிவிட்டதாகக் கேள்வி. அந்த வீட்டுக்குப் போய் விசாரிக்க எனக்கு என்ன உறவு? கடைக்குத்தான் போனேன். கடையிலிருந்துதான் திரும்பினேன்.

கடைக்கார பாய் எந்த மாதிரி வேண்டும் என்று கேட்டார். முதலில் ஈர மரம், அப்புறம் புதுத் தோல் செருப்பு, பொழுது சாய்ந்தால் மழைக்கு முன்னால் வைக்கோல்போர் விடுமே ஒரு மணம், அது என்றேன். அவர் சிரிக்கவில்லை. என் பாட்டிலை வாங்கித் திறந்து மோந்தார். கொஞ்ச நேரம் மூடவே இல்லை.

"இது கடையில வாங்குனது இல்லம்மா. யாரோ தனக்குன்னு ரொம்ப வருஷமா வச்சிருந்தது. இத யாரும் சும்மா குடுக்க மாட்டாங்க."

நான் பாட்டிலை வாங்கி மூடிக்கொண்டேன். கையில் தடவிப் பார்த்து வாங்குகிற பழக்கம் எனக்கில்லை என்றேன். ஒரு நாள் முழுக்கப் போட்டுக்கொண்டு வேலை செய்து பார்த்தால்தான் தெரியும். நாலு வகை, சின்னச் சின்னக் குப்பியில் ஊற்றிக் கொடுத்தார்.

ஆடி 10, வெள்ளி

முதல் குப்பி. கம்போடியாச் சரக்கு என்றார். காலையில் வெல்லப்பாகு காய்ச்சினமாதிரி இருந்தது, சந்தோஷப்பட்டேன். களை எடுத்துவிட்டு மதியம் மோந்தால் புது பீரோவுக்கு அடித்த பெயிண்ட். பொழுது சாய ஒன்றுமே இல்லை. சாப்பிட வந்துவிட்டுச் சொல்லாமல் போன விருந்தாளி மாதிரி. தள்ளுபடி.

ஆடி 12, ஞாயிறு

இரண்டாவதில் ரோஜா கலந்திருக்கிறார்கள். ரோஜா முன்னால் ஓடுகிறது, ஊத் பின்னால் கட்டிலைத் தூக்கிக்கொண்டு வருகிறது. இரண்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. கலாவுக்குப் பிடித்தது. அவளிடம் கொடுத்துவிட்டேன்.

ஆடி 14, செவ்வாய்

மதினி ஆள் அனுப்பினாள். ஆடி கழிந்ததும், ஆவணியில் பெண் கேட்டு வருகிறார்களாம். அவள் மகன் இளம்பரிதிக்கு. கலாவுக்கு அத்தை மகன். பொக்லைன் ஓட்டுகிறான், வாய் திறக்கமாட்டான், குடி கிடையாது.

இதில் நான் வேண்டாம் என்று சொல்ல வழியில்லை. வீட்டுக்காரர் பம்ப்செட்டில் கரண்ட் அடித்துப் போனபோது கலா இடுப்புயரம். நான் குவைத் போன எட்டு வருஷமும் அவளுக்குச் சோறு போட்டு, தலைவாரி, சடங்கு சுற்றியது மதினிதான். நான் அனுப்பியதில் பாதியை எடுத்துக்கொண்டாள் என்று ஊர் சொல்லும். பாதி போனால் என்ன, பிள்ளை முழுசாக இருந்தது. கலாவுக்கும் அங்கே போவதில் இஷ்டம்தான். இளம்பரிதி பேரை எடுத்தால் கோலப்பொடி டப்பாவை இடம் மாற்றி வைக்கிறாள்.

இதைப் பேசிக்கொண்டிருக்கும்போது கலா, அந்தக் காப்பிக் கதையைச் சொல்லு அம்மா என்றாள். அவளுக்கு அது நூறாவது தரம்.

குவைத்தில் வீட்டுக்காரம்மாவை மாமா என்றுதான் கூப்பிட வேண்டும். முதல் நாள் மாமாவைக் கூப்பிடு என்றார்கள், நான் ஆம்பிளையைத் தேடிக்கொண்டு வாசலுக்குப் போனேன். அது வேறு கதை. நான் போய்ச் சேர்ந்த முதல் மாதமே பெரிய விருந்து ஒன்று வந்தது. பெண்கள் இருபது பேர், கூடம் நிறைய. நம் வீட்டில் வந்தவர்களுக்கு முதலில் என்ன செய்வோம்? விசேஷமென்றால் சாம்பிராணி காட்டுவோம், சந்தனம் கொடுப்போம். நானும் மரியாதை தெரிந்தவள் என்று காட்ட, காப்பி வருவதற்கு முன்னால் தூபக்காலில் தணல் போட்டு, ஊத் கட்டை வைத்து, புகையைக் கொண்டுபோய் ஒவ்வொருவர் முன்னாலும் நீட்டினேன். எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். புகையைத் துணியில் வாங்கிக்கொண்டார்கள். எழுந்தார்கள். போய்விட்டார்கள். பேரீச்சம்பழம் தட்டோடு இருக்கிறது, ஆட்டுக்கறி சட்டியோடு இருக்கிறது, கூடத்தில் வீட்டுக்காரம்மா மட்டும் நிற்கிறாள்.

அந்த ஊரில் ஊத் கடைசியில்தான் வரும். ஊத் வந்துவிட்டால் பிறகு உட்காரக் கூடாது. போய் வாருங்கள் என்று வாயால் சொன்னால் அவமரியாதை. அதைப் புகை சொல்லும், அதுவும் மிகப் பெரிய மரியாதையோடு. இதை எனக்கு விளக்கிச் சொன்னவர் காருக்குப் பக்கத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

கலாவும் சிரித்தாள். பட்டில் ஏறினால் அந்தப் புகை எத்தனை அலசலுக்குப் போகும் என்று கேட்டாள். போகாதடி, கிழவியின் பட்டு அங்கியில் போன ரம்ஜான் புகை இந்த ரம்ஜான் வரைக்கும் இருந்தது என்றேன்.

ஆடி 18, சனி

பதினெட்டாம் பெருக்கு. ஆறு இல்லாத ஊரில் குளம்தான் காவிரி. மூன்றாவது குப்பியைப் போட்டுக்கொண்டு போனேன். அஸ்ஸாம் மரமாம். கடைக்காரர் முதலிலேயே எச்சரித்திருந்தார். முதல் ஒரு நாழிகை சுத்தமான ஆட்டுப்பட்டி. சாணி, ஈரக் கம்பளி, கெட்டுப்போன பால். கோனார் வீட்டுக் குட்டி ஒன்று கூட்டத்தை விட்டுவிட்டு என் பின்னாலேயே குளக்கரை வரை வந்தது. தாயைத் தேடுகிற குரலில் கத்துகிறது. பெண்கள் சிரித்துச் சிரித்துக் காதோலை கருகமணியைத் தண்ணீரில் நழுவவிட்டார்கள்.

சிரிக்கட்டும் என்று அதே மணிக்கட்டோடு சித்ரான்னம் பிசைந்து அவர்களுக்கே கொடுத்தேன். மதியம் போல ஆடு போய்விட்டது. தோல் வந்தது. பொழுது சாய, உலர்ந்த மரப்பெட்டியைத் திறந்தமாதிரி ஒரு மணம். நல்ல ஊத் ஒரே நாளில் மூன்று பேச்சுப் பேசும், மூன்றும் உண்மையாக இருக்கும். இது நல்ல ஊத். ஆனாலும் அது இல்லை. வைக்கோல்போர் வரவில்லை. விளக்கு வைக்கும் வரை காத்திருந்து பார்த்தேன்.

ஆடி 25, சனி

நாலாவது குப்பி. சந்தனம் கலந்தது. காலை முதல் படுக்கும் வரை ஒரே மாதிரி, மெதுவாக, அடக்கமாக இருக்கிறது. யாரையும் நோகடிக்காது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இதைப் போட்டுக்கொண்டு சம்பந்தி வீட்டுக்குப் போகலாம். அதனால்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

ஆடி 30, வியாழன்

மழை. கடலைச் செடி பிழைத்தது.

பாட்டிலைச் சாய்த்துப் பார்த்தேன். கண்ணாடியில் ஒட்டிக்கொண்டுதான் இறங்குகிறது.

ஆவணி 2, ஞாயிறு

பெண் கேட்டு வருகிற அன்றைக்கு அந்த வாசனை வேண்டாம் என்று மதினி போனில் கலாவிடம் சொல்லியிருக்கிறாள். கலா என்னிடம் சொல்லவில்லை. போனை உரக்க வைத்திருந்தாள், காதில் விழுந்தது. கலா ம், ம் என்றுதான் சொன்னாள்.

என் உடம்பில் என்ன இருக்க வேண்டும் என்று என் புருஷன்கூடச் சொன்னதில்லை. செத்தபிறகு அவன் பேரைச் சொல்லிக்கொண்டு ஊர் சொல்கிறது. அவன் இருந்தவரை பீடி வாடை அடித்தான். நான் மூக்கைப் பொத்தவில்லை.

ஆவணி 9, ஞாயிறு

இன்று வந்தார்கள். மதினி, அவள் வீட்டுக்காரர், இளம்பரிதி, கூட இரண்டு பெண்கள். மதினி அரக்குப் பட்டு உடுத்தியிருந்தாள். நானும் கலாவும் விடியலிலேயே எழுந்து மாவாட்டி, வடை தட்டி, கேசரி கிண்டினோம். இன்று ஊத் போடவில்லை. குளித்த அவசரத்தில் மறந்துவிட்டது.

வடை நன்றாக இருக்கிறது என்றார்கள். கலா வந்து கும்பிட்டாள். இளம்பரிதி தரையைப் பார்த்தான், பிறகு அவள் பாதத்தைப் பார்த்தான். எல்லாம் சரியாகத்தான் போனது. தேதி பேசினார்கள், மண்டபம் பேசினார்கள். பிறகு மதினி தொண்டையைச் செருமினாள்.

தாரை வார்க்க வேறொரு ஜோடி நிற்கட்டும் என்றாள். அது தெரிந்ததுதான், தலையாட்டினேன். தாலி கட்டும்போது நான் மேடைப் பக்கம் வரக் கூடாது என்றாள். தள்ளி நின்று பார்க்கிறேன் மதினி என்றேன். தள்ளியும் வேண்டாம், மண்டபத்துப் பின்கட்டில் சமையலைப் பார்த்துக்கொண்டு இரு, சபையில் உன் முகம் வேண்டாம் என்றாள். அதற்கு என்ன சொன்னேன் என்று ஞாபகமில்லை. கலாவின் தலைதான் தெரிந்தது. எட்டு வருஷம் மதினி வாரிவிட்ட தலை. உச்சி நேராக எடுத்திருந்தது.

பிறகு மதினி மூக்கை உறிஞ்சினாள்.

"இன்னைக்கும் போட்டுட்டுத்தான வந்து நிக்கிற. எவன் குடுத்ததோ, எங்க குடுத்ததோ. அந்தப் பாட்டில எடுத்துட்டு வா. எங்க கண்ணு முன்னாடி சாக்கடையில ஊத்து. அப்புறம் தட்டு மாத்துவோம்."

நான் போடவில்லை என்று சொல்லியிருக்கலாம். அவளுக்கு ஏன் சொல்ல வேண்டும்? மதினி வீட்டுக்காரர் வடையைக் கையில் வைத்துக்கொண்டு அதன் ஓட்டையைப் பார்த்தார். நான் எழுந்து உள்ளே போனேன்.

பெட்டியைத் திறந்து பாட்டிலை எடுத்தேன். பார்க்கத்தான். மூடியைத் திருகினேன், வரவில்லை. முந்தானையால் பிடித்துத் திருகினேன். பிறகு மூடி வந்துவிட்டது. அந்த நேரத்தில் அடுப்படியிலிருந்து தேங்காய்ச் சிரட்டை கனிகிற வாடை வந்தது. அதற்குப் பின்னாலேயே இன்னொன்று வந்தது. கிழவியின் கட்டை. எனக்குத் தெரியாதா அது?

பாட்டிலும் கையுமாக வாசற்படிக்கு வந்தேன்.

கூடத்தில் கலா நின்றாள். கையில் தூபக்கால். போத்தலில் இருந்த கட்டையில் பாதியைத் தணலில் வைத்திருந்தாள், புகை கயிறு மாதிரி எழுந்தது. நேரே மதினி முன்னால் போய்க் குனிந்தாள். பெரியவர்களுக்கு முதலில் நீட்ட வேண்டும், அது முறை. நான் ஒரு நாளும் அவளுக்குச் செய்து காட்டியதில்லை. கதையில் கேட்டதுதான்.

"வாங்கிக்குங்க அத்தை. குவைத்துப் பக்கம் ராசா வீட்டு மரியாதை இது."

மதினிக்கு முகம் மலர்ந்துவிட்டது. பெண் தன் பக்கம் என்று நினைத்திருக்க வேண்டும். சாமி புகை என்று கும்பிட்டாள். கலா சொன்னபடி முந்தானையை விரித்துப் பிடித்தாள், மடிப்பு மடிப்பாகப் புகை ஏறியது. பின்கொசுவத்திலும் ஏற்றிவிட்டாள். அடுத்து மாமாவுக்கு, அந்த இரண்டு பெண்களுக்கு. இளம்பரிதி முன்னால் நீட்டியபோது அவன் கண்ணை மூடி நன்றாக உள்ளே இழுத்தான்.

"நல்லாருக்கு" என்றான். இன்று அவன் பேசிய முதல் வார்த்தை. மதினி அவனை முறைத்தாள்.

கலா தூபக்காலைக் கூடத்து நடுவில் வைத்தாள். வாசலுக்குப் போய் ஐந்து பேர் செருப்பையும் தெருவைப் பார்த்தமாதிரி திருப்பி வைத்தாள். திரும்பி வந்து உட்காரவில்லை, நின்றாள்.

"நாலே முக்கால் பஸ் வர்ற நேரம் அத்தை."

"என்னடி சொல்ற? பேச்சு முடியலையே."

"முடிஞ்சிருச்சு அத்தை. எனக்கு நீங்க தலைவாரி விட்டீங்க, நான் மறக்கல. தாலி கட்டுற அன்னைக்கும் நீங்கதான் வாரணும். ஆனா அம்மா முன்னாடி நிக்கணும், என்ன போடுதோ அதப் போட்டுக்கிட்டு. அது ஆகாதுன்னா எனக்கு இந்தக் கல்யாணம் ஆகாது."

நான் பாட்டிலை முந்தானையில் முடிந்துகொண்டேன். மதினி என்னைத்தான் பார்த்தாள், நான் சொல்லிக்கொடுத்தது என்று. ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒரு கதை சொன்னேன், அதுவும் சிரிப்பதற்கு.

எழுந்தார்கள். தட்டை எடுத்துக்கொண்டார்கள். செருப்புத் திரும்பியிருந்ததால் போட்டுக்கொள்ள நேரம் ஆகவில்லை.

அவர்கள் போனபிறகு கலா அழுதாள். நான் பாத்திரம் கழுவினேன். கேசரி மிஞ்சிவிட்டது. அவளுக்குப் பக்கத்தில் வைத்தேன். சாப்பிட்டுக்கொண்டே அழுதாள்.

ஆவணி 10, திங்கள்

காலையில் கலா என் பாட்டிலைத் திறந்து ஒரு தொடுதல் எடுத்துக் காதுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். தேய்க்கவில்லை. என்னிடம் கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால், தீரப்போகிறது என்று சொல்லியிருப்பேன்.

ஆவணி 13, வியாழன்

இளம்பரிதி இன்று பொக்லைனோடு எங்கள் ஊர்க் குளத்து வேலைக்கு வந்தான். மத்தியானச் சோற்றுக்கு நேரே நம் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தான், யாரும் கூப்பிடவில்லை. ரசம் ஊற்றினேன். கலா கடைக்குப் போயிருந்தாள். அவள் எத்தனை மணிக்கு வருவாள் என்று கேட்காமல், அறந்தாங்கி பஸ் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டான்.

அம்மா எப்படி இருக்கிறாள் என்றேன். கோபமாகத்தான் இருக்கிறாள் என்றான். அரக்குப் பட்டை மூன்று தரம் அலசியும் வாசனை போகவில்லையாம். பீரோவுக்குள் வைத்தால் மற்றப் புடவையிலும் ஏறிவிட்டதாம். அன்றைக்கு நாலே முக்கால் பஸ்ஸில் போகும்போது பக்கத்தில் உட்கார்ந்தவள் கீரமங்கலம் வரை விடவில்லையாம். எங்கே வாங்கியது, யார் கொடுத்தது, யார் கொடுத்தது என்று கேட்டுக்கொண்டே வந்தாளாம்.

மதினி என்ன சொன்னாளாம் என்று கேட்டேன். ஒன்றும் சொல்ல முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாளாம்.

பாவம். என்னிடம் மூன்று பதில் இருக்கிறது. வந்து கேட்டால் ஒன்றைக் கொடுப்பேன்.